பதிவேட்டில் ஒரு பெரியம்மா

அத்தியாயம் 14

போன வாரம் மடிப்பக்காவை அழவிட்டுவிட்டு வந்தோம். என்ன செய்வது, தங்கைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில், ஒரே அலமாரியைப் பங்கு போட்டுக்கொண்ட தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவளை, புதிதாகத் திறக்கிற கிளைக்கு மேலாளராகப் போகச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். "நீ போயிட்டா நான் யார்கிட்டடி பேசுவேன்" என்று அக்கா அழுததும், தங்கை அவள் முதுகைத் தடவிக் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தடவலை மறந்துவிடாதீர்கள், இன்றைக்கு வேண்டியிருக்கும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மடிப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். அவள் மடித்து அடுக்கினால் அடுக்கு சுவர் வைத்தாற்போல நிற்கும். அதனால் அந்தப் பெயர். அங்கே கிருமி பயத்தால் யாரும் கைபேசி வைத்திருக்கக் கூடாது. உள்ளே நுழையும்போதே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, அவசரத்துக்கு யாராவது எடுக்க வேண்டுமே என்று, அம்மாவின் எண் என்ற இடத்தில் தங்கையின் எண்ணை எழுதிக் கொடுத்தாள். அவளே, தன் கையால். வினையை விலை கொடுத்துக்கூட வாங்கவில்லை, சும்மா எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

இனி இன்றைய காலை.

"ஏண்டி, ஸ்கூல்ல மீட்டிங் கீட்டிங் எதுவும் வைக்கலையா? வருஷமே முடியப் போகுதே." மடிப்பக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே கேட்டாள். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள், ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு.

தங்கை கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். "இப்பல்லாம் எங்கக்கா மீட்டிங் வைக்கிறாங்க? எல்லாம் மெசேஜ்தான். நான் பாத்துக்கறேன், நீ ஏன் தலையைப் பிச்சுக்கற?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு. வகுப்பிலேயே குள்ளம், அதனால் வீட்டில் பொடிசு. ரொட்டியைக் கடிக்காமல் ஓரத்தை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தாள். அதை மடிப்பக்கா கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்த அத்தியாயம் காலை எட்டு மணிக்கே முடிந்திருக்கும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள மாடிகளுக்கெல்லாம் ஆளை ஏற்றி இறக்குகிறவர், சொந்த வீட்டு விவகாரத்தில் மட்டும் பட்டும் படாமலும் இருப்பார். "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மடிப்பக்காவின் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. போன திங்கட்கிழமை சலவைக்கூடத்து அறிவிப்புப் பலகையில் கல்வி மாவட்ட அலுவலகத்தின் தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். பெற்றோர் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி பெற்றோரிடம் வரும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வியாழக்கிழமை, அதாவது இன்றைக்கு, சாப்பாட்டு இடைவேளையில், நாலு பள்ளிகளின் வகுப்பாசிரியர்கள் சலவைக்கூடத்துக்கே வருகிறார்கள். அதில் பொடிசின் பள்ளியும் ஒன்று. அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. சாயங்காலம் போய், "உன் டீச்சரைப் பாத்தேனே, என்ன சொன்னாங்க தெரியுமா" என்று மகளை அசத்த வேண்டும். அதற்காகச் சலவைக்கூடத்து நீலச் சட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, முந்தின நாளே தனியாக இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பாவி, அத்தனை ஆசை.

*

டீ அறையில் நாலு மேசை போட்டிருந்தார்கள். வெளியே உலர்த்தும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற கூட்டாளி முதல் மேசையில் வேலையை முடித்துக்கொண்டு வந்து மடிப்பக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று நான் சொல்ல வேண்டாம், அவளே சொல்லுவாள்.

"என் புள்ள கிளாஸ்ல தூங்கறானாம். பாவம் அவன் என்ன பண்ணுவான், வீட்டுல நான் பேசிட்டே இருக்கேன், வேற எங்கதான் தூங்குவான்? நல்ல டீச்சர்க்கா. திட்டவே இல்ல. உன் முறை, போ போ, நானும் வரேன்."

பொடிசின் வகுப்பாசிரியைக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர் குடித்துக்கொண்டே பேசினாள். "உக்காருங்க. நாங்க கூட்டம் வைக்கிறது பதினோரு மணிக்கு. அந்த நேரத்துல நீங்கல்லாம் மெஷின் முன்னாடி நிப்பீங்க. அப்புறம் பெத்தவங்களுக்கு அக்கறை இல்லன்னு நாங்களே ரிப்போர்ட் எழுதுவோம். இப்பதான் மேல இருக்கறவங்களுக்கு உறைச்சிருக்கு. சொல்லுங்க, எந்த வகுப்பு?"

"ஏழாவது பி, டீச்சர். பதினெட்டாம் நம்பர். என் பொண்ணு."

டீச்சர் பதிவேட்டைப் புரட்டினாள். பதினெட்டாம் பக்கம் வந்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தைப் பார்த்தாள், மடிப்பக்காவைப் பார்த்தாள்.

"அட, அவளா? முகச்சாடை அப்படியே இருக்கேன்னு பாத்தேன். நீங்க அவளோட பெரியம்மாதானே?"

"இல்லீங்க, நான்..."

"அவங்கம்மா உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. அக்கா கூடவே இருக்காங்க, ஆஸ்பத்திரி லாண்டரியில வேலைன்னு. தங்கச்சி பொண்ணை என் பொண்ணுன்னு சொல்றீங்க பாருங்க, கேக்கவே நல்லா இருக்கு."

டீச்சர் மேல் தப்பே இல்லை. தங்கை பெற்றதை என் பொண்ணு என்று சொல்லாத பெரியம்மா நம்மில் உண்டா?

"என்னது? பெரிய..." என்று ரேடியோ வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் மடிப்பக்கா அவள் காலை ஓங்கி மிதித்தாள். ரேடியோ வாயை மூடிக்கொண்டாள்.

ஏன் மிதித்தாள் என்று கேட்பீர்கள். அந்த இடத்திலேயே எழுந்து, "நான்தாங்க பெத்தவ" என்று கத்தியிருக்க வேண்டாமா? கத்தத்தான் வாய் வந்தது. ஆனால் கத்தினால், இரண்டு வருடமாக டீச்சர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவளாக யார் நிற்பது? தங்கை அங்கே இல்லை. நாளைக் காலை அந்த வகுப்பில் முன் பெஞ்சில் உட்காரப் போகிறவள் பொடிசுதான்.

"ஆமாங்க" என்றாள் மடிப்பக்கா. "பெரியம்மாதான்." பெற்ற வாயால் அதைச் சொன்னாள்.

"அவங்கம்மா மாதிரி எல்லாரும் இருந்துட்டா நாங்க இப்படி ஊர் ஊரா மேசை தூக்கிட்டு அலைய வேண்டாம். ஏழு கூட்டம், ஏழுக்கும் வந்திருக்காங்க. பாருங்க." டீச்சர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள்.

தாயார் என்ற வரியில் மடிப்பக்காவின் பெயர்தான் இருந்தது. பக்கத்தில் ஏழு கையெழுத்து. அவள் பெயரேதான், ஆனால் எழுத்து வளைந்து வளைந்து அழகாக ஓடியது. அந்த அழகான எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? தங்கைக்கு முதல் எழுத்தைக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான்.

"உங்க வீட்டுல ஒரு விஷயம் நடக்குது, அதை நான் வகுப்புலயே செஞ்சு காட்டினேன் தெரியுமா?" டீச்சர் உற்சாகமாகிவிட்டாள். "பின்னம். பிள்ளைங்களுக்குத் தலையில ஏறவே ஏறாது. அவங்கம்மா பெட்ஷீட்டை மடிச்சு மடிச்சு, இது பாதி, இது கால், இது அரைக்கால்னு சொல்லிக் கொடுத்தாங்களாமே. நான் ஒரு விரிப்பைக் கொண்டுபோய் அப்படியே செஞ்சேன். முப்பது பேருக்கும் பத்து நிமிஷத்துல புரிஞ்சுது. எவ்வளவு மூளை பாருங்க அவங்களுக்கு."

மடிப்பக்காவுக்கு அதுவரை தாங்க முடிந்தது. கையெழுத்தைக்கூட ஏதோ ஒரு மூலையில் மன்னிக்க முடிந்திருக்கும். ஆனால் அந்த மடிப்பு அவளுடையது. போன மழைக்காலத்தில், கணக்குப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அழுத பொடிசைக் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, "இந்த முனையைப் பிடிடி" என்று சொல்லி, எட்டில் ஒரு பங்கு வரை மடித்துக் கொண்டுபோனது அவள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் தன் மகளுக்கு ஏழாவது கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் நடந்த நடையே வேறு. அதையும் எடுத்துக்கொண்டுவிட்டாள் தங்கை.

பதிவேட்டில் கீழே கேள்விகள் அச்சடித்திருந்தன. பிள்ளைக்கு வீட்டில் எது பிடிக்கும், யார் பாடம் சொல்லித் தருகிறார்கள் என்று. கடைசிக் கேள்வி, பிள்ளைக்கு எதற்காவது பயமா என்பது. மடிப்பக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் படித்துவிடுவாள். அதே வளைந்த எழுத்தில் பதில் இருந்தது: பெரியம்மாவிடம் கொஞ்சம். படிப்பில்லாதவர், சத்தம் போடுவார்.

டீச்சர் அவசரமாகக் கையால் அந்த வரியை மறைத்தாள். "அதெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான்."

"இருக்கறதுதான்" என்றாள் மடிப்பக்கா.

"எனக்கு ஒரே வருத்தம், அவ போறான்னுதான். நல்லாப் படிக்கிற பொண்ணு."

"எங்க போறா?"

டீச்சர் நிமிர்ந்தாள். "உங்ககிட்ட சொல்லலையா? அவங்கம்மாவுக்கு வேற ஊர்ல வேலையாச்சே. மகளையும் அங்கயே ஸ்கூல்ல சேர்க்கறாங்க. மாற்றுச் சான்றிதழுக்கு ஃபாரம் கொடுத்தாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு அம்மா நேர்ல வந்து ஹெட்மாஸ்டர் முன்னாடி ஒரு கையெழுத்து போட்டாப் போதும், முடிஞ்சுது. அப்பாதான் ஏற்கெனவே போட்டுட்டாரே."

பதிவேட்டுக்கு அடியில் செருகியிருந்த படிவத்தின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். தந்தை என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. அடியில் நீளமாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

அந்தக் கையெழுத்தை மடிப்பக்கா தினமும் பார்க்கிறாள். ஆஸ்பத்திரியின் சரக்கு லிஃப்டில், சோதனை செய்த தேதி எழுதிய அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் மாதா மாதம் கையெழுத்துப் போடுவது அவள் வீட்டுக்காரர். தள்ளுவண்டியோடு ஏறும்போதெல்லாம் அவள் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இது விழாது என்று ஒரு தைரியம்.

*

மத்தியானம் விரிப்பு மடிக்கும்போது, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக முனையும் முனையும் சேரவில்லை. மூன்று தடவை உதறிப் பார்த்தாள். ரேடியோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள்.

முதல் கூட்டத்துக்குத் தங்கையை அனுப்பியதே இவள்தான். "எனக்கு ஷிஃப்ட்டுடி, ஒரே ஒரு தடவை எனக்காகப் போயிட்டு வா." போய்விட்டு வந்து, "சும்மா மார்க் சொன்னாங்கக்கா" என்றாள். அதற்குப் பிறகு கூட்டமே இல்லை என்றாள். கூட்டத்துக்கு வரச் சொல்லும் செய்தியெல்லாம் அவள் கைபேசிக்குத்தான் போயிருக்கிறது. இவள் நம்பினாள். கூடப் பிறந்தவளை நம்பாமல் யாரை நம்புவது? நம்பினவள் கழுத்தைத்தானே அறுக்க முடியும், நம்பாதவள் பக்கத்திலேயே விடமாட்டாளே.

மூன்றரை மணிக்குச் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். "நாளைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் வேணும் சார். பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும்."

திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். "கேட்டா கொடுக்கணும்னு கல்வி மாவட்டத்துலேருந்து மேனேஜ்மென்ட்டுக்கு லெட்டர் வந்து ஆறு மாசமாச்சு. ஒருத்தரும் கேக்கல. நீதாம்மா முதல் ஆள்."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே சார்."

அவர் தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

*

வீட்டில் விளக்குப் போடும் நேரம் இன்னும் வரவில்லை. தங்கையும் பொடிசும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் அக்காவின் முதுகைத் தடவிய தங்கையின் கை பொடிசின் நாற்காலி முதுகில் இருந்தது. தெரியாதவர்கள் யாராவது வாசலில் நின்று பார்த்தால் அம்மாவும் பெண்ணும் என்றுதான் சொல்லுவார்கள். மடிப்பக்காவே வாசலில் நின்று அப்படித்தான் பார்த்தாள்.

செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில உனக்கு என்னடி வேலை?"

"கடையில ஸ்டாக் எடுக்கணும்க்கா. பத்து மணிக்கே வரச் சொல்லிட்டாங்க." கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள் தங்கை.

"போயிட்டு வா. எனக்கும் பத்து மணிக்குத்தான்."

"உனக்கா? எங்கே?"

"பொடிசு ஸ்கூலுக்கு. யாருன்னு கேட்டா பெரியம்மா வந்திருக்கேன்னு சொல்லிட்டு உள்ள போறேன். அங்க என்னை அப்படித்தானே தெரியும்?"

பொடிசின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் சொல்லணும்னுதான்..."

"எப்ப? ரயில் ஏறினப்புறமா?"

"நான் என்னக்கா களவா பண்ணிட்டேன்? நீ ஒரு நாளாவது போனியா? யாராவது போய் உக்காரணும்ல. முதல் நாளே டீச்சர் நீங்கதானே அம்மான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. நல்லா இருந்துச்சுக்கா." அவள் குரல் உடைந்தது. "எனக்குன்னு யாரு இருக்கா சொல்லு. அந்த ஒரு மணி நேரம் எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா."

"அதுக்கு நான் சத்தம் போடுறவளாகணுமா? படிப்பில்லாதவன்னு எழுதணுமா? போகட்டும், அது உண்மைதான். பெட்ஷீட் மடிச்சது யாருடி?"

தங்கை பொடிசின் நாற்காலி முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மடிப்பக்கா மகள் பக்கம் திரும்பினாள். திட்ட வேண்டும் என்றுதான் திரும்பினாள். பொடிசு உதட்டைக் கடித்துக்கொண்டு, விரிந்து கிடந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் சொல்லலையே."

"முதல்ல சித்திதான் அம்மான்னு டீச்சரே நினைச்சுக்கிட்டாங்க. எல்லாரும் உங்கம்மா அழகா இருக்காங்கன்னு சொன்னாங்க." பொடிசின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்புறம் மாத்திச் சொல்ல முடியலம்மா."

வலித்தது. எவ்வளவு வலித்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பெற்றவர்கள் தங்கள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சரி, அதை விடு. ஒண்ணு மட்டும் சொல்லு. சித்தியோட அந்த ஊருக்குப் போகணும்னு உனக்கு இருக்கா? இருந்தா இருக்குன்னு சொல்லு, அடிக்க மாட்டேன்."

பொடிசு இன்னும் குனிந்தாள். நோட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்து, எழுதியிருந்த கணக்கில் மை கலைந்தது. அதற்குள் மாடிப்படியில் கருவிப் பை இடிபடும் சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். "என்ன, எல்லாரும் விளக்குக்கூடப் போடாம உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். வெளிச்சம் வந்ததும் மூன்று பேர் முகத்தையும் பார்த்து, சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

மடிப்பக்கா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தங்கையிடமும் அந்தப் படிவத்திலிருந்த இன்னொரு கையெழுத்தைப் பற்றி இதுவரை மூச்சு விடவில்லை. அவள் மனதில் ஒரே ஒரு நப்பாசை மிச்சமிருந்தது. இந்த மனுஷர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர், சுற்றுலாவுக்கு என்று சொல்லி நீட்டியிருப்பாள், போட்டிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி மட்டும் இருந்துவிட்டால் போதும்.

சூப்பர்வைசர் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்தாள். வெற்றுப் பக்கம் மேலே வரும்படி திருப்பி மேசையில் வைத்தாள். பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"பொடிசு ஸ்கூல் விஷயமா ஒரு கையெழுத்து வேணும்" என்றாள்.

எந்தப் பள்ளிக்கூட விஷயம் என்று அவர் கேட்கவில்லை. வெறும் தாளில் எதற்கு என்றும் கேட்கவில்லை. தாளை அவர் பார்க்கவே இல்லை. நேராகத் தங்கையின் முகத்தைத்தான் பார்த்தார்.